சந்தன வாசனை வருகிற மோரிஸ் மைனர்

பாதி நீண்டு நின்றுவிட்ட ஒரு கை, வண்டியின் கதவுத் தூணிலிருந்து முழுசாக எழுந்து நாங்கள் ஒதுங்கப்போகும் திசையை ஊருக்குச் சொல்ல வேண்டிய சாண் நீள ஆரஞ்சுக் கை, தனக்குள் எரிகிற குட்டி விளக்கு சோகை பிடித்து மங்கிக்கொண்டே போக, மேலேயும் போகாமல் உள்ளேயும் மடங்காமல், எதையோ கேட்க எழுந்து என்ன கேட்க வந்தோம் என்பதை மறந்துவிட்டவன் கையைப்போல அந்தரத்தில் நடுங்குகிறது, தூறல் கண்ணாடியில் விழுகிறது, வைப்பர் நடுக்கண்ணாடி வரை வந்து அங்கேயே படுத்துக்கொண்டது, டேஷ்போர்டு விளக்கு குங்குமப் பொட்டளவுக்குச் சுருங்குகிறது, பெட்ரோலை இழுத்துக் கொடுக்கும் கரண்டு பம்ப்பின் டிக் டிக் சத்தம் ஒரு டிக்குக்கும் அடுத்த டிக்குக்கும் நடுவே யோசிக்க ஆரம்பித்து, பிறகு யோசனையிலேயே நின்றுவிடுகிறது, இஞ்சினும் நிற்கிறது, பொள்ளாச்சி தாண்டி மூடிக் கிடக்கிற ஒரு ரயில்வே கேட்டுக்கு முன்னால், அப்பாவின் மோரிஸ் மைனருக்குள், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நான், பக்கத்தில் அப்பா, பின் சீட்டில் அண்ணி. போச்சு, என்கிறார் அப்பா, மடியில் வைத்திருக்கும் துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே, நாந்தான்டா எங்கியோ வயர மாத்திக் குடுத்துட்டனாட்ட இருக்குது, எனக்கே தெரியாம. அப்படியெல்லாம் இல்லீங்ப்பா, என்கிறேன், இந்த ஒரு மாதமாக நான் அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரே வாக்கியம் அதுதான், சொல்லச் சொல்ல அதுவும் மங்கிக்கொண்டே வருகிறது.

அண்ணன் கேட்டைத் தாண்டிப் போய்விட்டான், அவனுடைய வெள்ளை வண்டி எப்போதுமே கேட் மூடுவதற்கு ஒரு நொடி முன்னால் தாண்டிவிடும், வாழ்க்கையிலும் அப்படித்தான், அந்தப் பக்கம் நிறுத்திக் காத்திருப்பான், வளாகத்து மேனேஜரிடம் போனில் அப்பா ஆன் த வே என்று சொல்லிக்கொண்டிருப்பான், முதியோர் இல்லம் என்று யாராவது சொல்லிவிட்டால் அவனுக்குக் கோபம் வரும், மூத்தோர் நிறைவாழ்வு வளாகம், அங்கே காலையில் சிரிப்புப் பயிற்சி உண்டு, மாலையில் சூப் உண்டு, அப்பாவுக்குத் தோட்டம் பார்த்த மாதிரி ஒரு அறை எடுத்திருக்கிறான், இந்த வண்டிக்கும் இடம் பார்த்துவிட்டான், அவனுடைய மில் வரவேற்பறையில் கண்ணாடி மேடை, சக்கரங்களைக் கழற்றிவிட்டு மேலே தூக்கி வைத்துக் கீழிருந்து விளக்குப் போட்டால் ஏற்றுமதிக்காரர்கள் வரும்போது மரியாதையாக இருக்கும் என்கிறான், ஒரே நாளில் இரண்டு பேரையும் காட்சிக்கு வைத்துவிடலாம். அப்பா எதற்கும் எதிர்ப்புச் சொல்லவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டார், வர்றேன், ஆனா என்ற வண்டீல வர்றேன், அது போற வரைக்கும் போகட்டும். காலையில் உடுமலை வீட்டு வாசலில் செல்ஃப் எடுக்கவில்லை, நான்தான் முன்னால் குனிந்து இரும்பு ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பினேன், ஓட்டத்தில் இருக்கும்வரை டைனமோ புண்ணியத்தில் விளக்கெல்லாம் எரியும், நின்றால் அணைந்துவிடும், அண்ணியும் பின்னால் வந்து ஏறிக்கொண்டாள், மாமாவத் தனியா அனுப்பக்கூடாதுங்க என்று சொன்னாள், அண்ணனின் ஏசி அவளுக்கு ஆகாது என்பது இன்னொரு காரணம், அண்ணனின் பேச்சு அவளுக்கு ஆகாது என்பது சொல்லாத காரணம்.

அப்பா மாட்டு டாக்டர், கால்நடை மருத்துவச் செம்மல் என்று அண்ணன் மேடைகளில் சொல்லுவான், ஊருக்கு மாட்டு டாக்டர்தான், சுற்றுப்பட்டிக்கெல்லாம் இதே வண்டியில் போய் இறங்கி, பையைத் திறப்பதற்கு முன் மாட்டின் வாயருகே மூக்கைக் கொண்டுபோவார், கட்டிக்கொள்ளப் போகிறவர்கள்கூட அவ்வளவு பக்கம் போகமாட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், கறவை மாட்டின் மூச்சில் அழுகிப்போன பழத்தின் இனிப்பு வந்தால் அது ஒரு நோய், புளிப்பு வந்தால் வேறொன்று, புண்ணின் வாடையை வைத்து அது எந்தப் பக்கம் புரையோடுகிறது என்று சொல்லுவார், வாய் பேசாத சீவனுக்கு வாசந்தான்டா பேச்சு என்பார், வீட்டிலும் அந்த மூக்கு சும்மா இருக்காது, பால் அடிப்பிடிக்கும் முன்னாலேயே கூடத்திலிருந்து குரல் வரும், மழை வருவதற்கு முன்னால் கொடியில் கிடக்கிற துணியை எடுக்கச் சொல்லுவார், என் பத்தாம் வகுப்புக் காலத்து இரகசியங்கள் எதுவும் அந்த மூக்கைத் தாண்டி இரகசியமாக இருந்ததில்லை, அந்த மூக்கைத்தான் இந்த ஐப்பசியில் ஊரே சேர்ந்து பொய் என்று சொல்லிவிட்டது.

ஆயுத பூசை முடிந்து வண்டி மில்லிலிருந்து வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் ஆரம்பித்தது, செல்ஃப் போட்டால் டொக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், ஹெட்லைட்டைப் போட்டால் மெழுகுவர்த்தி, ஹாரன் அடித்தால் சளிபிடித்த தவளை, அப்பா ஷெட்டில் உட்கார்ந்து சின்ன பல்பில் இரண்டு வயரை முறுக்கி வைத்துக்கொண்டு ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்த்தார், தொட்ட இடமெல்லாம் பல்பு பளிச்சென்று எரிந்தது, எல்லாத்துலயும் கரண்டு வருது, ஆனா வண்டிக்கு மட்டும் வரல, இதென்ன கெரகம் என்று தலையைச் சொறிந்தார், பிறகு உள்ளே ஏறி செல்ஃபை விடாமல் இழுத்துப் பிடித்திருந்துவிட்டு இறங்கி வந்து, சந்தன வாசம் வருதுடா என்றார். நாங்கள் வெளியே ஷெட் வாசலில் நின்றிருந்தோம், யாருக்கும் எந்த வாசமும் வரவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான், அந்தப் பார்வையில் அன்றே எல்லாம் முடிவாகிவிட்டது. மறுவாரம் கோயமுத்தூரில் நரம்பு டாக்டர், அவர் பேனா நாற்காலி எருமை என்று மூன்று சொல் சொல்லி, வேறேதோ பேசிவிட்டு, என்ன சொன்னேன் என்று திருப்பிக் கேட்டார், அப்பா மூன்றையும் சொல்லிவிட்டு, எருமை என்ன ரகம்னு நீங்க சொல்லலீங்களே என்றார், டாக்டர் சிரித்தார், ஆனால் அண்ணன் சந்தன விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு, இல்லாத வாசனை வர்றது சில பேருக்கு ஒரு ஆரம்பமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றார், அந்த வாக்கியத்திலிருந்து அண்ணன் ஆரம்பம் என்ற ஒரு சொல்லை மட்டும் கிள்ளி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான், சொந்தபந்தம் முழுக்க விநியோகித்தான். பிறகு பழங்கார் நிபுணர் ஒருவரை வரவழைத்தான், அவர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு வந்தார், ஹெரிடேஜ் என்ற சொல்லை மூச்சு விடுவது போலச் சொன்னார், பேட்டரியின் தலையில் மீட்டரை வைத்தார், முழு பவர் இருக்கிறது என்றார், அப்படியானால் வயரிங்தான், யாரோ கை வைத்துக் குழப்பியிருக்கிறார்கள் என்றார், செல்ஃபைத் தொடக்கூட இல்லை, கையுறை அழுக்காகிவிடும் போலிருக்கிறது. யாரோ என்றால் யார், அப்பாதான் சில வருஷம் முன்னால் வயரெல்லாம் மாற்றியவர், அண்ணன் அவருடைய ஸ்பேனர் பெட்டியை எடுத்துப்போய்த் தன் வீட்டு அலமாரியில் பூட்டினான், உங்க பாதுகாப்புக்குத்தானுங்ப்பா என்றான், பானெட்டையும் திறக்கக்கூடாது, பூசை போட்ட பொட்டு கலையக்கூடாது, அது வேறு.

அதற்கப்புறம் அப்பா வாசனை எதையும் சொல்வதில்லை. காபி வந்தால் குடிப்பதற்கு முன் மோந்து பார்க்கும் பழக்கம் நின்றது, பால் அடிப்பிடித்து வீடு முழுக்கப் புகைந்த அன்றைக்குக்கூடக் கூடத்தில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாசம் வர்லீங்களா மாமா என்று அன்றைக்கு வந்திருந்த அண்ணி கேட்டதற்கு, வந்துச்சம்மா, நெசமோ என்னமோன்னு சும்மா இருந்துட்டேன் என்றார், அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ரயில் வருகிற அறிகுறியே இல்லை, தூறல் கூரையில் தாளம் போடுகிறது, கண் சொருகுகிறது, நின்றுபோன பம்ப் எங்கோ மறுபடி டிக் டிக் என்கிறது, பின் சீட்டைத் திரும்பிப் பார்க்கிறேன், அண்ணி உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு பசு உட்கார்ந்திருக்கிறது, பொங்கலுக்குக் குளிப்பாட்டியதுபோல நெற்றி நிறையச் சந்தனம், சீட் பெல்ட் எங்கே என்று என்னைக் கேட்கிறது, இந்த வண்டியில அதெல்லாம் கிடையாதுங்க என்று பசுவுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேன், முன்னால் அப்பா குனிந்து ஹேண்டிலைச் சுற்றுகிறார், கறுத்த மீசையோடு சுற்ற ஆரம்பித்தவர் ஒவ்வொரு சுற்றுக்கும் நரைத்துக்கொண்டே போகிறார், போதுமுங்ப்பா நிறுத்துங்க என்று கத்துகிறேன், ஹாரன் அடிக்கிறேன், ஹாரனும் வேலை செய்யவில்லை, அவர் சுற்றிக்கொண்டேயிருக்கிறார், ஆள் தேய்ந்து ஹேண்டில் மட்டும் தானாகச் சுற்றுகிறது, அப்போது ரயில் தடதடவென்று என் தலைக்குள் புகுந்து கேட்டைக் கடந்து போகிறது, விழித்துவிட்டேன்.

கேட் திறந்தது, பின்னாலிருந்து எல்லா ஹாரனும் ஒரே சமயத்தில் எங்களைத் திட்டின, ஒரு மினி லாரிக்காரர் தலையை நீட்டி, ஏனுங்ணா, மியூசியத்துக்குப் போற ரோடு இதில்லீங்களே என்று கேட்டுவிட்டுப் போனார், நல்லவேளையாக ஏற்கெனவே ஓரத்தில்தான் நின்றிருந்தோம், அப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், விட்ருடா, உங்கண்ணன் வண்டீலயே ஏறிக்கலாம், எதுக்கு எல்லாத்துக்கும் செரமம் என்றார், அந்தக் குரலில் சண்டை எதுவும் மிச்சமில்லை, அது கேட்கப் பொறுக்காமல்தான் நான் செல்ஃபை இழுத்தேன், டொக், விட்டேன், மறுபடி இழுத்தேன், டொக், இம்முறை விடவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தபடி இருந்தேன், ஏதோ ஒரு பிடிவாதம், இழு இழு என்று அந்தப் பாழாய்ப்போன சாமானைக் கெஞ்சினேன், டேஷ்போர்டு விளக்கு முழுசாகச் செத்தது, அப்போது வந்தது, கால்பக்கத்து ஓட்டை வழியாக, வெதுவெதுப்பாக, கோயில் கருவறை வாசலில் நிற்கும்போது வருகிற மாதிரி, சந்தனம்.

எனக்கும் ஆரம்பித்துவிட்டது, இதுதான் முதலில் தோன்றியது, வம்சம், அப்பாவுக்கு எண்பதுக்குப் பக்கத்தில், எனக்கு ஐம்பதுகளிலேயே, அண்ணன் எனக்கும் ஓர் அறை எடுப்பான், தோட்டம் பார்த்த மாதிரி, அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்து அறையில் இல்லாத சந்தனத்தை மோந்துகொண்டு சிரிப்புப் பயிற்சி செய்வோம், அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் மூக்கு லேசாக விரிந்திருந்தது, வாயை இறுக மூடிக்கொண்டிருந்தார், அவருக்கும் வருகிறது, சொல்லமாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார், அந்த நொடியில்தான் மண்டையில் உறைத்தது, ஒரு பைத்தியத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோந்து பார்க்க முடியாதே. ஏனுங் அண்ணி, என்றேன், உங்களுக்கு ஏதாச்சும் வாசம் வருதுங்களா. என்னத்தங் தம்பி, சந்தனந்தானுங்க, நீங்க பத்தி கொளுத்தீட்டீங்களாட்ட இருக்குதுன்னு நெனச்சேன், என்றாள் அண்ணி, சர்வ சாதாரணமாக. அப்பா கண்ணை மூடினார், மெதுவாக, ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த மூச்சை மொத்தமாக உள்ளே இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார், அந்தச் சின்ன வண்டியின் காற்று முழுக்க அவருக்குள் போய்விடும் போலிருந்தது, பிறகு கதவைத் திறந்துகொண்டு இறங்கினார், எண்பது வயசுக்காரர் இறங்குவதுபோல இல்லை, கூப்பிட்ட பட்டிக்கு வந்து சேர்ந்த மாட்டு டாக்டர் இறங்குவதுபோல.

பானெட்டைத் தூக்கினால் பேட்டரியின் கூட்டல் குறி முனையிலிருந்து நூல்போல ஒரு புகை எழுந்து தூறலில் கரைகிறது, முனையைக் கவ்விப் பிடித்திருக்கிற ஈயப் பிடிக்கு அடியில் கருகிய மஞ்சளாக ஏதோ பொங்கிக் காய்ந்திருக்கிறது, வாசம் அடிக்க அடிக்க எனக்கு ஆயுத பூசை நாளின் மில் முற்றம் கண்முன் வந்துவிட்டது, வாழைமரம், நாதஸ்வரம், டிரோன் கேமரா, நடுவில் பட்டு வேட்டியில் அண்ணன் பாலதண்டாயுதம், ஞாயிறுதோறும் மண்டபங்களில் கூட்டல் சிந்தனை என்ற தலைப்பில் பேசி மக்களை மேலே தூக்குகிறவன், இந்த வண்டிக்கு முழு முறைப்படி பூசை செய்ய வேண்டுமென்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றிக் கழுவச் சொன்னான், ஒவ்வோர் உறுப்புக்கும் பொட்டு, பேட்டரி பிடியையும் கழற்றச் சொல்லிக் கிண்ணத்துச் சந்தனத்தை வழித்துத் தன் கையாலேயே கூட்டல் முனையைச் சுற்றி வெண்ணெய்க்காப்பு மாதிரி அப்பினான், கழித்தல் முனையில் அப்பப்போன மில்காரரைத் தடுத்து, நெகட்டிவுக்கு நாம எப்பவும் எதுவும் குடுக்கக்கூடாது என்று கேமராவைப் பார்த்துச் சொன்னான், எல்லோரும் கைதட்டினார்கள், ஈரச் சந்தனத்தின் மேலேயே பிடியை மாட்டி முறுக்கி, அதன் தலையில் ஒரு குங்குமமும் வைத்தார்கள், அந்தக் குங்குமம் கலையக்கூடாது என்றுதான் அதற்குப் பின் யாரும் அதைக் கழற்றிப் பார்க்கவில்லை. முனைக்கும் பிடிக்கும் நடுவுல சந்தனம் காஞ்சு ஓடாகி உக்காந்திருக்குதுடா, என்றார் அப்பா, குரலில் ஒரு பாட்டு வந்திருந்தது, பல்புக்குத் துளியூண்டு கரண்டு போதும், அது சந்து பொந்துல பூந்து வந்துரும், செல்ஃபுக்கு ஆறு கணக்கா வேணுமே, வர வழியில்லாம முட்டி முட்டிச் சூடேறுது, சூடேறுனா மணக்குது. சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, ஏண்டா, நான் சொன்னது சந்தனம்னு தானே, வேற ஒண்ணுஞ் சொல்லலயே, என்று கேட்டார், சந்தனந்தானுங்ப்பா சொன்னீங்க, அப்பவே சொன்னீங்க, என்றேன்.

கறுப்புக் குடை பிடித்துக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டி அண்ணன் வந்து சேர்ந்தான், என்னாச்சு, நாந்தான் சொன்னனல்ல இந்த வண்டி வராதுன்னு, அங்க மேனேஜர் மாலையோட நிக்கறாரு, வாங்கப்பா நம்ம வண்டிக்கு, என்றான். இங்க வந்து மோந்து பாருங்க, என்றாள் அண்ணி. அவன் ஜவ்வாது பூசியிருந்தான், எனக்கு ஒண்ணும் வரல என்றான், புகையைப் பார்த்ததும்தான் குடை ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அந்த முனையையும் தன் மோதிர விரலையும் மாறி மாறிப் பார்த்தான், மேடைப் பேச்சாளன் அல்லவா, சட்டென்று சமாளித்துக்கொண்டான், பாருங்க, ஒரு பெரிய விபத்து நடக்காம ஆண்டவன்தான் தடுத்துக் காப்பாத்தியிருக்கான் என்றான். அவன் காப்பாத்துவான்டா, என்றார் அப்பா, நீ அவன வெக்கற எடத்துல வெச்சீன்னா.

ஸ்பேனர் பெட்டி அண்ணன் வீட்டு அலமாரியில் பத்திரமாக இருந்தது, அதனால் அவனுடைய பெரிய வண்டியின் டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் உறையே பிரிக்காத ஒரு ஸ்பேனரைக் கொண்டுவரச் சொல்லிப் பிடியைக் கழற்றினோம், அண்ணி கொண்டை ஊசியை உருவிக் கருகின சந்தனத்தைக் கிளறி எடுத்தாள், அடுப்படியில் அடிப்பிடித்த பால் பாத்திரம் சுரண்டுகிற கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா, இனி ஈயத்தைப் பளபளவென்று தேய்க்க ஏதாவது சொரசொரப்பு வேண்டும், உப்புத்தாள் இல்லை, தீப்பெட்டி இருந்தாலும் போதும், ஓரத்து உரசுற பட்டையில தேச்சுரலாம், தீப்பெட்டிக்கு எங்க போறது என்று நான் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அப்பா அண்ணனின் சட்டைப்பையைப் பார்த்தபடி கையை நீட்டினார், குடுறா, என்றார். எங்கிட்ட ஏதுங்ப்பா தீப்பெட்டி, என்றான் அண்ணன். அப்பா கையை மடக்கவில்லை. அண்ணி கொண்டை ஊசியோடு நிமிர்ந்து பார்த்தாள். பட்டுச்சட்டையின் உள்பையிலிருந்து ஒரு தீப்பெட்டி வந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு பாதி சிகரெட்டும் வந்து ஈரமண்ணில் விழுந்தது, சுவாசத்தைச் சீராக்கினால் வாழ்க்கை சீராகும் என்று போன ஞாயிற்றுக்கிழமைதான் பேசியிருந்தான். அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார், கோபம் வரப்போகிறது என்று நினைத்தேன், அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது, அப்ப அதுவும் நெசந்தானா, என்றார், நீ பக்கத்துல வந்து நிக்கறப்பெல்லாம் எனக்குச் சிகரெட்டு வாடையாட்ட அடிக்கும், எம்பையன் அப்படியில்லையே, இதும் மூள செய்யற வேலதான்னு நானே என்னைய வைஞ்சுக்குவேன்டா, என்று சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார், சிரிப்பு தாங்காமல் மட்கார்டைப் பிடித்துக்கொண்டார், அண்ணி சிரித்தாள், நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, தூறல் இரண்டுக்கும் வசதியாக இருந்தது, கடைசியில் அண்ணனும் சிரித்துவிட்டான், சின்ன வயசில் நாங்கள் ஒன்றாகச் சிரிப்போமே அந்தச் சிரிப்பு, மேடைச் சிரிப்பு இல்லை, எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரத்தில் பாதியை அது கொண்டுபோய்விட்டது, மீதியை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், எப்போதாவது உதவும்.

பிடியை மாட்டி முறுக்கினோம், நான் ஏறிச் செல்ஃபைத் தொட்டேன், தொட்டதுதான், ஒரே உறுமல், டிக் டிக் டிக் என்று பம்ப் ஓடியது, வைப்பர் நடுக்கண்ணாடியிலிருந்து எழுந்து வேலைக்குப் போனது. அப்பாவும் அண்ணியும் ஏறிக்கொண்டார்கள். எந்தப் பக்கமுங்ப்பா, என்று கேட்டேன், எனக்கு விடை தெரியும், இருந்தாலும் அவர் வாயால் கேட்க ஆசையாக இருந்தது. ஊட்டுக்குத் திருப்புடா, என்றார். மேனேஜருக்கு நான் என்னங் சொல்றது, மாலையெல்லாம் வாங்கி வெச்சிருக்காரே, என்று ஜன்னலுக்கு வெளியே அண்ணன் குனிந்தான். நீ போட்டுக்க சாமி, என்றார் அப்பா, போட்டுட்டுப் பொழுதோட ஊட்டுக்கு வா, ஸ்பேனர் பொட்டியையும் எடுத்துட்டு வா.

திரும்புகிறோம், பொள்ளாச்சியைத் தாண்டுகிறோம், அப்பா ஜன்னலை இறக்கிவிட்டு முகத்தைக் காற்றில் நீட்டியிருக்கிறார், ஈர மண்ணு, என்கிறார், ஆமாங்ப்பா வருது, என்கிறேன், எங்கியோ வெல்லங் காச்சறாங்க, என்கிறார், வருதுங் மாமா, என்கிறாள் அண்ணி பின்னாலிருந்து, தேங்கா மட்ட ஊறப் போட்டிருக்கறாங்க, என்கிறார், இந்த நாத்தம் கோயமுத்தூருக்கே அடிக்குமுங்க, என்கிறேன், ஒவ்வொன்றுக்கும் என் முகத்தைப் பார்க்கிறார், நான் ஆமாம் என்றதும் அடுத்ததுக்குப் போகிறார், மழைக்காலத்து உலகம் முழுவதையும் ஒவ்வொன்றாகத் திருப்பி வாங்கிக்கொண்டிருக்கிறார், சாலையோரத்துத் தென்னந்தோப்பில் ஒரு மாடு கட்டியிருக்கிறது, தாண்டும்போது அவர் கையை உயர்த்துகிறார், நிறுத்து, அந்த மாட்டு மூச்சு இனிப்பா அடிக்குது, என்கிறார், எனக்கு எதுவும் வரவில்லை, கண்ணாடியில் பார்த்தால் அண்ணியும் மெல்லத் தலையசைக்கிறாள், அவளுக்கும் வரவில்லை, அப்பா இம்முறை என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத் தேடிக்கொண்டிருக்கிறார், நான் சுவிட்சைத் தட்டுகிறேன், கதவுத் தூணிலிருந்து ஆரஞ்சுக் கை படக்கென்று முழுசாக நீண்டு, நெருப்புத் துண்டுபோல எரிந்துகொண்டு, சந்தேகமே இல்லாமல் ஓரத்தைக் காட்டுகிறது, நிறுத்துகிறேன், அவர் இறங்கித் தூறலில் நனைந்தபடி வேலியைத் தாண்டிப் போகிறார், யாருங்க அது, என்று தோப்புக்குள்ளிருந்து ஒரு குரல், டாக்டருங்க, என்கிறார் அப்பா, நடையை நிறுத்தாமல்.